சுங்கை சிப்புட் மாடி வகுப்பு: ஏழு மாதம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது

செம்பனை எண்ணெய் மில்லுக்குப் பழம் ஏற்றி வரும் லாரிக்காரர்களும் கோயிலில் பார்க்கும் அக்காமாரும் இப்போது என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அந்த மாடி வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பலாமா?” மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் நடக்கும் கணக்கு டியூஷனைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி நேரம் போதவில்லை. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். என் மகள் படிவம் நான்கு, அதாவது இடைநிலைப்பள்ளியில் நான்காவது வருஷம். ஏழு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் போகிறாள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு 11 கிலோமீட்டர். அவளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவது பெட்ரோலுக்குத்தான் நட்டம். அதனால் நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். நான் சொல்லப்போவது எல்லாம் கண்ணால் பார்த்தது.

பெயர்ப்பலகை கிடையாது. கீழே பூக்கடை, மேலே வகுப்பு. மாடிப்படி குறுகல், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். ஏறும்போதே மல்லிகை வாசம் வரும். ஒரே அறை, மூன்று காற்றாடி, ஒரு வெள்ளைப் பலகை, 22 பிள்ளைகள். மாதம் 70 வெள்ளி (ரிங்கிட்). ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை வந்தால் அதற்குப் பாதி. பிற்பகல் 2.30க்குத் தொடங்கி 5 மணிக்கு முடிய வேண்டும். சொன்ன நேரத்துக்கு முடிந்த நாள் குறைவு. நடத்துபவர் இடைநிலைப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு சார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

மற்ற டியூஷனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் பாடநூலைத் திறக்க மாட்டார். பெரிய பரிசு வாங்கிய ஒரு கணித அறிஞரை எடுத்துக்கொள்வார். அவர் எங்கே பிறந்தார், எப்படிப் படித்தார், எதில் தோற்றார், கடைசியில் எதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார். கண்டுபிடித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஏதாவது கொண்டுவந்து காட்டுவார். அப்புறம்தான் எஸ்.பி.எம். கணக்கு, அதாவது படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வுக்கான கணக்கு.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் மில்லில் லாரி எடை போடும் இடத்தில் 19 வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. 70 வெள்ளி எனக்குப் பெரிய காசு. கதை கேட்கவா காசு கட்டுகிறோம் என்று நினைத்தேன். ஆனால் வேறு வழி இல்லாமல்தான் வந்தோம். அதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு டியூஷனுக்கு அனுப்பியிருந்தேன். அங்கே ஒவ்வொரு வகுப்பும் கடிகாரம் வைத்துத்தான் தொடங்கும். பத்து நிமிடத்தில் இருபது கணக்கு. யார் முதலில் முடித்தார், யார் கடைசி என்று பலகையில் எழுதுவார்கள். என் மகள் பெயர் எப்போதும் கீழேதான் இருக்கும். ஒருநாள் அங்கே சொல்லிக்கொடுத்தவர் அவளை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “உங்க பிள்ளை ரொம்ப ஸ்லோ. எட் மேத்ஸ் எடுக்க வேணாம்.” எட் மேத்ஸ் என்றால் படிவம் நான்கில் தொடங்கும் கூடுதல் கணிதப் பாடம். காரில் வரும்போது அவள் அழவில்லை, ஒன்றும் பேசவில்லை. அடுத்த மூன்று மாதம் கணக்குப் புத்தகத்தைத் தொடவே இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடி வகுப்பில் எங்கள் முதல் சனிக்கிழமை மரியம் மிர்சாகானி. எனக்கு அந்தப் பெயரே புதிது. ஈரானில், தெஹ்ரானில் 1977இல் பிறந்தவர். சின்ன வயதில் கதை எழுத வேண்டும் என்றுதான் ஆசையாம். இடைநிலைப்பள்ளி தொடங்கிய ஒரு வருஷம் கணக்கு சரியாக வரவில்லை. ஆசிரியருக்கும் அவரிடம் பெரிய திறமை இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் வேறு ஆசிரியர், தைரியம் கொடுத்தார், பிள்ளை மாறிவிட்டது. கணிதப் போட்டிக்குப் பயிற்சி பையன்கள் பள்ளியில் மட்டும் நடந்தது. அவரும் ஒரு தோழியும் தலைமை ஆசிரியையிடம் போய் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த அம்மா ஏற்பாடு செய்து கொடுத்தார். 1994இல் ஹாங்காங்கில் நடந்த அனைத்துலக கணித ஒலிம்பியாட்டில் தங்கம். மறுவருஷம் கனடாவில் முழு மதிப்பெண், மறுபடி தங்கம். 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம். அது 1936இல் தொடங்கிய பரிசு, நாற்பது வயதைத் தாண்டாதவர்களுக்கு மட்டும் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கொடுப்பது. அதை வாங்கிய முதல் பெண் இவர்தான். 2017இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது வயது நாற்பது.

இதையெல்லாம் கைப்பேசியில் தேடினாலும் கிடைக்கும். சார் அடுத்து சொன்னதுதான் என் மகளுக்குத் தேவையாக இருந்தது. மிர்சாகானி தன்னைத் தானே மெதுவாக யோசிக்கிறவர் என்றுதான் சொல்லிக்கொள்வாராம். ஒரு கேள்வியை வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பார். தரையில் பெரிய பெரிய தாளை விரித்து, குனிந்து உட்கார்ந்து, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைவார். அவருடைய சின்னப் பெண் பார்த்துவிட்டு அம்மா ஓவியம் வரைகிறாள் என்று சொல்லுமாம்.

அப்புறம் சார் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே உளுந்து வடை. ஒரு வடையை எடுத்து, ஓட்டை வழியாக நூலை விட்டுக் கட்டினார். “இந்த நூலை இழுத்தா கழண்டு வருமா?” வராது. பக்கத்தில் வடையின் மேல் சும்மா ஒரு வளையம் போட்டு இழுத்தார், அது சுருங்கி வந்துவிட்டது. இரண்டு வடையை ஒட்ட வைத்தால் இரண்டு ஓட்டை. தன்னைத்தானே வெட்டாமல், இனிமேல் சுருக்க முடியாமல் இழுத்துக் கட்டிய வளையங்கள் எத்தனை விதமாக வரும்? மிர்சாகானி எண்ணிப் பார்த்தது இந்த மாதிரி வளையங்களைத்தான். அவர் எடுத்துக்கொண்ட பரப்பு வடை மாதிரி உப்பியது இல்லை, எந்த இடத்தைத் தொட்டாலும் குதிரைச் சேணம் மாதிரி வளைந்திருப்பது. இரண்டு ஓட்டை உள்ள அப்படிப்பட்ட பரப்பில், நூலின் நீளத்துக்கு வைக்கிற வரம்பு பெரிதாகப் பெரிதாக வளையங்களின் எண்ணிக்கை அந்த நீளத்தின் ஆறாவது அடுக்காக ஏறும். வரம்பை இரண்டு மடங்கு ஆக்கினால் வளையங்கள் ஏறக்குறைய 64 மடங்கு. 2004இல் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை அது. அடுக்குக் கணக்கை அன்றைக்கு அத்தனை பிள்ளைகளும் வாயில் வடையோடு போட்டார்கள். ஆறாவது அடுக்கு என்றால் என்ன என்று இனி ஒரு பிள்ளைக்கும் மறக்காது.

திரும்பி வரும்போது கார் ரயில் கடவையைத் தாண்டியதும் மகள் வாயைத் திறந்தாள். “அம்மா, அவங்களும் ஸ்லோவாம்.” அவ்வளவுதான் சொன்னாள். அந்த வாரம் வீட்டில் பழைய காலண்டர் தாள்களைக் கிழித்துப் பின்பக்கத்தைத் தரையில் விரித்தாள். லாகரிதம் கணக்கைப் பெரிய எழுத்தில் மெதுவாகப் போட ஆரம்பித்தாள். இப்போதும் அப்படித்தான் போடுகிறாள்.

நான் கட்டிய காசு அத்தனைக்கும் சரியாகப் போன வகுப்பு என்றால் அது மரீனா வியாசோவ்ஸ்கா. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

சார் ஒரு பை நிறைய இருபது சென் காசு கொண்டுவந்தார். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். ஒரு காசை நடுவில் வைத்து, அதைத் தொட்டபடி சுற்றி எத்தனை காசு வைக்கலாம் என்று கேட்டார். ஆறு. ஆறும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சரியாக உட்கார்ந்தன, ஒரு முடி இடைவெளி இல்லை. அப்படியே மேசை முழுக்க அடுக்கினால் மேசையின் பரப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 91 பங்கு காசால் மூடிவிடும். சதுரம் சதுரமாக அடுக்கினால் 78 பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இதை விட நெருக்கமாக வட்டத்தை அடுக்கவே முடியாது என்பது நிரூபித்த விஷயம்.

அடுத்தது பந்து. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான் மிக நெருக்கமான அடுக்கு என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611இல் சொன்னார். கப்பலில் பீரங்கிக் குண்டை எப்படி அடுக்குவது என்பதிலிருந்து வந்த கேள்வியாம். சொன்னாரே தவிர நிரூபிக்கவில்லை. தாமஸ் ஹேல்ஸ் என்பவர் 1998இல்தான் முடித்தார். அதில் தவறே இல்லை என்று கணினியை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து முடிக்க 2014 ஆகிவிட்டது. கடைக்காரர் கைக்குத் தெரிந்ததை நிரூபிக்க நானூறு வருஷம்.

வியாசோவ்ஸ்கா எடுத்துக்கொண்டது எட்டுப் பரிமாணம். உக்ரைனில் கீவில் 1984இல் பிறந்தவர். 2016 மார்ச் 14ஆம் தேதி தன் கட்டுரையை வெளியிட்டார். மொத்தம் 23 பக்கம். எட்டுப் பரிமாணத்தில் பந்துகளை எப்படி அடுக்கினாலும் இடத்தில் நூற்றுக்கு 25 பங்கு சொச்சம்தான் நிரம்பும், அதற்கு மேல் யாராலும் முடியாது, அந்த அளவுக்கு நிரப்பும் அடுக்கு இன்னது என்று காட்டிவிட்டார். ஒரு வாரத்தில் நான்கு பேரோடு சேர்ந்து 24 பரிமாணத்தையும் முடித்தார்.

எட்டுப் பரிமாணம் என்றதும் பிள்ளைகள் முழித்தார்கள், நானும் முழித்தேன். சார் என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, மில்லுல ஒரு லாரிக்கு என்னென்ன எழுதுவீங்க?” என்று கேட்டார். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் நான் வகுப்பில் வாயைத் திறந்தேன். லாரி எண், உள்ளே வந்த நேரம், பழத்தோடு எடை, வெறும் லாரி எடை, பழத்தின் நிகர எடை, குலைகளின் எண்ணிக்கை, பழுக்காத குலை எத்தனை, வெளியே போன நேரம். சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினார். எட்டு எண். “இந்த ஒரு சீட்டு எட்டுப் பரிமாணத்துல ஒரு புள்ளி. கண்ணால பாக்க முடியாது. ஆனா அம்மா ஒரு நாளைக்கு நூறு புள்ளி எழுதுறாங்க.” பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் மகளும் பார்த்தாள். 19 வருஷமாக நான் எழுதும் சீட்டை ஒருவர் அப்படிப் பார்ப்பார் என்று நினைத்ததே இல்லை.

இதனால் என்ன பயன் என்று ஒரு பையன் கேட்டான். சார் திருப்பி என்னிடமே கேட்டார், கையெழுத்தில் எந்த எண்ணும் எந்த எண்ணும் குழம்பும் என்று. 3ம் 8ம், 1ம் 7ம். மழையில் நனைந்த சீட்டில் 3ஐ 8 என்று படித்துவிட்டு மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது எனக்குத்தான் தெரியும். தூரத்திலிருந்து வரும் சேதியிலும் இப்படி எண் கெட்டுப்போகும். அதனால் சேதிகளை ஒன்றுக்கொன்று போதிய தூரத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு சேதியைச் சுற்றியும் ஒரு பந்து இருக்கிறது, பந்தும் பந்தும் முட்டாது என்று வைத்துக்கொண்டால், கொஞ்சம் கெட்டுப்போய் வந்தாலும் எந்தப் பந்துக்குள் விழுகிறதோ அதுதான் அனுப்பிய சேதி. வியாழன், சனி கோள்களின் வண்ணப் படங்களை வாயேஜர் விண்கலங்கள் அனுப்பியபோது 24 இலக்கங்களைக் கொண்ட ஒரு குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குறியீடும் 24 பரிமாண அடுக்கும் நெருங்கிய சொந்தம்.

வியாசோவ்ஸ்காவுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் 2022இல். அந்த வருஷக் கணித மாநாடு ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடக்க இருந்தது. உக்ரைன் மேல் படை போனதால் அங்கே நடக்கவில்லை. பதக்கத்தை ஃபின்லாந்தில், ஹெல்சிங்கியில் வாங்கினார். தன் ஊரின் மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் மேடையேறிப் பரிசு வாங்குகிறாள் என்றால் மனசு எப்படி இருந்திருக்கும்! அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 2017இல், கும்பகோணத்தில் கொடுக்கும் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசுக்கு வயது வரம்பு 32. ராமானுஜன் வாழ்ந்ததே அவ்வளவுதான் என்பதால் வைத்த வரம்பு. ராமானுஜனும் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குக் கிராணியாக இருந்தவர். கிராணி என்ற சொல்லைச் சார் என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அன்று ராத்திரி மகள் என் அப்பாவிடம் காசைக் காட்டி இதை விளக்கினாள். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அப்புறம் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது கன்று நட லைன் போடும் கூட்டத்தில் இருந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, “இதுக்கா இம்புட்டுப் பேச்சு? வா காட்டுறேன்” என்று மறுநாள் காலையில் அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு குச்சியை ஒன்பது மீட்டர் தள்ளி ஊன்றினார். ஒன்பது மீட்டர் நீளத்தில் இரண்டு கயிறு. ஒன்றை முதல் குச்சியிலும் மற்றதை இரண்டாம் குச்சியிலும் கட்டி, இரண்டின் நுனியையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் நடந்தார். இரண்டும் விறைப்பாக நின்ற இடத்தில் மூன்றாவது குச்சி. அங்கிருந்து அடுத்தது, அடுத்தது. பத்துக் குச்சி ஆனதும் அவள் நடுக்குச்சியில் நின்று எண்ணினாள். சுற்றி ஆறு.

“ஏன் தாத்தா சதுரமா நடல?” என்று கேட்டாள். “மட்டை வட்டமா விரியும்மா. சதுரமா நட்டா மூலையில வெயில் சும்மா தரையில விழும்” என்றார். அவள் உள்ளே வந்து காலண்டர் தாளில் கணக்குப் போட்டாள். முக்கோணமாக நட்டால் வரிசைக்கும் வரிசைக்கும் 7.8 மீட்டர்தான் வரும், ஒரு ஹெக்டருக்கு 142 மரம். அதே ஒன்பது மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் 123. பத்தொன்பது மரம் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் கடனே என்று போட்ட சைன் அறுபது டிகிரியை அன்றைக்கு அவளாகவே தேடி எடுத்துப் போட்டாள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீக்கடையில் இரண்டு நாள் எல்லாருக்கும் காட்டினார்.

மற்ற வகுப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் சென்னையில் 1940இல் பிறந்த சீனிவாச வரதன் 2007இல் நார்வேயின் ஏபெல் பரிசை வாங்கினார். அப்பா பொன்னேரியில் தலைமை ஆசிரியர். வரதன் ஆராய்ந்தது மிக அரிதாக நடக்கும் காரியங்களின் கணக்கு. சார் பிள்ளைகளைக் காசு சுண்டவைத்தார். பத்து முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழுவது சாதாரணம், நூற்றுக்கு 38 முறை நடக்கும். நூறு முறை சுண்டி அறுபதைத் தொடுவது நூற்றுக்கு மூன்று முறைதான். ஆயிரம் முறை சுண்டி அறுநூறைத் தொட வேண்டும் என்றால், அந்த ஆயிரத்தை ஆயிரம் கோடித் தடவை திரும்பச் செய்தாலும் ஓரிரு தடவைதான் நடக்கும். அந்த அரிது எவ்வளவு வேகமாக அரிதாகிறது என்பதைப் பல துறைக்கும் பொருந்தும்படி கட்டிக்கொடுத்தவர் வரதன். அவருடைய மூத்த மகன் 2001 செப்டம்பர் 11ஆம் தேதி நியூயார்க் கோபுரத் தாக்குதலில் இறந்துபோனார் என்பதையும் சார் மறைக்காமல் சொன்னார். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். பரிசு வாங்கியவர் வீட்டுக்குள் துக்கம் வராது என்று பிள்ளைகள் நினைத்து வளரக்கூடாது.

கோச்சர் பிர்கார் வகுப்பில் என் அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். பிர்கார் ஈரானின் குர்து மலைப்பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் அகதியாகத் தஞ்சம் புகுந்தவர். 2018இல் ஃபீல்ட்ஸ் பதக்கம். ரியோ டி ஜெனிரோவில் கையில் வாங்கிய அரைமணி நேரத்துக்குள் பதக்கத்தைப் பையோடு யாரோ திருடிவிட்டார்கள். சில நாளில் வேறு பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் அப்பா மனதில் நின்றது திருட்டு இல்லை, பெயர். பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அவராக மாற்றிக்கொண்ட கோச்சர் என்பதற்குக் குர்து மொழியில் இடம் விட்டு இடம் போகிறவன் என்று பொருள். என் அப்பாவின் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இங்கே பால்மரம் வெட்ட வந்தவர். “நல்ல பேரா வச்சிருக்கான்” என்று படி இறங்கும்போது சொன்னார்.

சரி, குறைகள். முதலாவது, நேரம். கதை நன்றாக அமைந்துவிட்டால் நாற்பது நிமிடம் எழுபது நிமிடமாகிவிடும். எஸ்.பி.எம். கணக்குக்கு 80 நிமிடம்தான் மிஞ்சும். லாகரிதம் பாடம் இப்படியே மூன்று வாரம் இழுத்தது. படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு இது நியாயமில்லை என்று நான் நேரிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு அவர்களுக்கு மட்டும் ஞாயிறு காலையில் பழைய தேர்வுத்தாள் போடவைக்கிறார், தனிக் கட்டணம் வாங்குவதில்லை. இரண்டாவது, வெயில். மூன்று காற்றாடியில் ஒன்று சுற்றுவதே தெரியாது. மார்ச் மாதம் பிள்ளைகள் வியர்வையில் நனைந்துதான் கணக்குப் போட்டார்கள். மூன்றாவது, நகலெடுத்துக் கொடுக்கும் தாள் பல வாரம் மங்கல், அடுக்குக்குறி தெரியாது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பத்தான் செய்யும். கழிப்பறைக்குப் பூக்கடையில் சாவி வாங்க வேண்டும். கூச்சப்படும் பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய கஷ்டம், இதை அவசியம் சரிசெய்ய வேண்டும்.

நான்காவதும் ஒன்று இருந்தது, இப்போது இல்லை. சின்ன வயதிலேயே மேதையாக இருந்தவர்களைத்தான் அதிகமாக எடுத்தார். பதினாறு வயதில் பட்டம் முடித்த அக்‌ஷய் வெங்கடேஷ் போன்றவர்கள். கேட்கப் பெருமைதான், ஆனால் பதினாறு வயதில் பின்னக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு அது என்ன சொல்லும் என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து ஜூன் ஹு வந்தார். கொரியாவில் வளர்ந்தவர். கவிதை எழுத வேண்டும் என்று மேல்நிலைப்பள்ளியையே விட்டவர். பல்கலைக்கழகத்தில் ஆறாவது வருஷம் ஹிரோனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் கணிதத்தில் இறங்கினார். 2022இல் வியாசோவ்ஸ்காவோடு பதக்கம் வாங்கிய நால்வரில் ஒருவர். கேட்டதைக் காதில் வாங்கி, செய்து காட்டுகிற ஆசிரியர் இவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம், கணிதத்துக்கு ஏன் நோபல் பரிசு இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. நோபலின் மனைவி ஒரு கணிதக்காரரோடு பழகியதால் கோபத்தில் விட்டுவிட்டார் என்ற கதையைச் சார் சொன்னார். படிவம் ஐந்து பையன் ஒருவன் வீட்டில் போய்த் தேடிப் பார்த்து, நோபல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று அடுத்த வாரம் வந்து சொன்னான். சார் பலகைக்கு முன்னால் நின்று, “போன வாரம் நான் சொன்னது தப்பு. சரிபார்க்காம சொல்லிட்டேன். தம்பி சொல்றதுதான் சரி” என்றார். அந்தப் பையனைப் பலகைக்குக் கூப்பிட்டு, எப்படிக் கண்டுபிடித்தான் என்று எல்லாருக்கும் சொல்லவைத்தார். என் மகள் முன்பு போன இடத்தில் கணக்கில் தப்பு செய்த பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். இங்கே தப்பு செய்த ஆசிரியர் எழுந்து நின்றார்.

மதிப்பெண் கேட்பீர்கள். எட் மேத்ஸில் வருஷத் தொடக்கத்தில் 38, அரையாண்டில் 61. வகுப்பால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், வீட்டில் அவளும் உழைத்தாள். ஆனால் முன்பெல்லாம் தெரியாத கணக்கைக் கண்டதும் மூடிவைத்துவிடுவாள். இப்போது இரண்டு நாள், மூன்று நாள் தாளைத் தரையிலேயே விட்டுவைத்து வந்து வந்து பார்க்கிறாள். நான் வீடு கூட்டும்போது அந்தத் தாளைச் சுற்றித்தான் கூட்டுகிறேன்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடிவந்து, பழைய தாள் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிவராது. படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளை அனுப்புங்கள். கணக்கு வராது என்று யாராவது சொல்லிச் சுருங்கிப்போன பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தப் படிவமானாலும் அனுப்புங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் வகுப்பு இல்லை. நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் திறப்பார் என்று நினைக்கிறேன். கட்டணம் ரொக்கமாக மட்டும், மாதத்தின் முதல் சனிக்கிழமை. வண்டியைப் பூக்கடைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள், பின் சந்தில் இடம் இருக்கும்.

வரும் சனிக்கிழமை கேரன் உலன்பெக், 2019இல் ஏபெல் பரிசு வாங்கிய முதல் பெண். வளைந்த கம்பியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அதில் பிடிக்கும் படலம் இருக்கிறதே, அது எப்போதும் ஆகக் குறைந்த பரப்பாகத் தன்னை இழுத்துக்கொள்ளும். அந்த மாதிரிப் பரப்புகளில் பெரிய வேலை செய்தவர். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுக் கம்பி கொண்டுவர வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். மகள் வந்து சொன்னதும் அப்பா ஸ்டோர் அறையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். உள்ளே பால் கோப்பையை மரத்தில் தாங்கும் கம்பிகள், முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்தவை. இப்போது வாசல் படியில் உட்கார்ந்து, துரு போகத் தேய்த்து, ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டிருக்கிறார். 22 பிள்ளைகளுக்கும் வேண்டுமாம்.